பேர்ணில் பார்த்த துனிஸ் படங்கள்



போன கிழமை நான் கீறிப் போட்ட செவ்வரத்தம்பூப் படத்தின் கீழே ஒரு பிள்ளை கேட்டிருந்தா: "ரீச்சர், மகளிட்டை சுவிஸுக்குப் போய் வந்தனீங்கள். அங்கை பெரிய பெரிய மியூசியம் எல்லாம் பாத்திருப்பீங்களே, எங்களுக்கு ஒண்டும் எழுதேல்லையே?" நியாயமான கேள்விதான். 2014 இல் மூன்று மாதம் பேர்ண் நகரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். பார்த்தவற்றில் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. மணிக்கூட்டுக் கோபுரம், கரடிகள், ஆறு, பனிமலை எல்லாம் படங்களில் இருக்கின்றன, நினைவில் இல்லை. ஒரு கண்காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். நீளமாக வரும். அவசரக்காரர் இப்போதே விட்டுவிட்டு, ஆறுதலாக இருக்கும்போது வந்து வாசியுங்கள்.

பேர்ணின் கிழக்கு ஓரத்தில் பவுல் கிளே என்ற ஓவியருடைய பெயரில் ஒரு பெரிய கலை மையம் இருக்கிறது. புகையிரத நிலையத்தில் 12 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் அதுதான். ரென்சோ பியானோ என்ற இத்தாலியர் வடிவமைத்த கட்டடம், 2005 இல் திறந்தார்கள். உருக்கும் கண்ணாடியுமாக மூன்று அலை எழும்பி நிற்பதுபோல இருக்கும். முன்னால் நெடுஞ்சாலை.

மகளுக்கு வேலை. என்னைக் கூட்டிக்கொண்டு போனது எண்பதுகளில் என்னிடம் சித்திரம் படித்த ஒரு பொடியன். பொடியன் என்கிறேன், அப்போதே அவனுக்கு நாற்பத்து நான்கு வயது, முன்தலை வெளித்துவிட்டது. ஒரு உணவகத்தின் குசினியில் வேலை, செவ்வாய்க்கிழமை லீவு. பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். உங்களில் சிலருக்கு ஆள் யாரென்று விளங்கும். விளங்கினாலும் கீழே எழுதவேண்டாம். 1990 இலிருந்து பேர்ணில் இருக்கிறான். அந்த நெடுஞ்சாலையால் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறான், உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. "உது மியூசியம் எண்டு எனக்குத் தெரியாது ரீச்சர். பூங்கண்டு வளர்க்கிற கண்ணாடிக்கூடு எண்டெல்லோ நினைச்சன்" என்றான்.

நாங்கள் போன நேரம் அங்கே நடந்துகொண்டிருந்தது 'துனிஸ் பயணம்' என்ற கண்காட்சி. நூறு வருடத்துக்கு முன்பு, 1914 சித்திரையில், மூன்று ஓவியர்கள் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறித் துனீசியாவுக்குப் போனார்கள். பவுல் கிளே, ஓகுஸ்ட் மாக்கே, லூயி முவாலியே. அந்தப் பயணத்தில் உண்டான நீர்வர்ணப் படங்களைப் பல நாட்டு அரும்பொருளகங்களிலிருந்து இரவல் வாங்கி ஒன்றாக வைத்திருந்தார்கள். பங்குனி நடுப்பகுதியிலிருந்து ஆனி பிற்பகுதி வரை, மூன்று மாதம்தான்.

உள்ளே போனதும் எனக்கு முதலில் தோன்றியது, கரண்ட் குறைவோ என்பதுதான். அவ்வளவு மங்கல். கண் பழக இரண்டு மூன்று நிமிடம் பிடித்தது. அது வேண்டுமென்றே செய்வது. நீர்வர்ணப் படத்துக்கு வெளிச்சம் நஞ்சு. லக்ஸ் என்று வெளிச்சத்துக்கு ஒரு அளவை உண்டு. எங்கள் ஊர் மத்தியான வெயில் ஏறக்குறைய ஒரு இலட்சம் லக்ஸ் இருக்கும். அரும்பொருளகங்களில் நீர்வர்ணத்துக்கு வழக்கமாக விடுவது ஐம்பது. அதுவும் சில மாதத்துக்குத்தான். பிறகு அந்தத் தாளை இருட்டுக்குள் வைத்துச் சில வருடம் வெளியே எடுக்கமாட்டார்கள். எண்ணெய் வர்ணம் தடித்த படையாக இருப்பதால் ஓரளவு தாங்கும். நீர்வர்ணத்தில் நிறம் என்பது தாளின்மேல் ஒட்டிய வெறும் தூள், அதைப் பிடித்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வேலம்பிசின். அதிலும் எல்லா நிறமும் ஒரே மாதிரி இல்லை. மண்ணிலிருந்து எடுக்கிற காவியும் கபிலமும் அப்படியே கிடக்கும். பூச்சியிலிருந்து எடுக்கிற கருஞ்சிவப்பு முதலில் போய்விடும். போன நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர எந்த வைத்தியமும் இல்லை. இருட்டில் வைத்தால் இருப்பது இருக்கும், அவ்வளவுதான்.

இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். "அப்ப நாங்கள் பாக்கப் பாக்க அது தேயுதோ ரீச்சர்?" என்று கேட்டான். பார்ப்பதால் இல்லை, வெளிச்சத்தால் என்றேன். "வெளிச்சம் இல்லாமல் எப்பிடிப் பாக்கிறது?" என்றான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. ஏன் என்று எனக்கு அன்று பின்னேரம்தான் தெரிந்தது.

இனிப் பயணத்துக்கு வருகிறேன்.

கிளே பேர்ணுக்குப் பக்கத்திலுள்ள முன்சன்பூக்சே என்ற ஊரில் 1879 இல் பிறந்தவர். தகப்பன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சங்கீத ஆசிரியர் (எங்கள் சாதிதான், ஆசிரிய சாதியைச் சொல்கிறேன்). கிளேயும் நன்றாக வயலின் வாசிப்பார். ஆனால் முப்பது வயது தாண்டியும் நிறம் அவருக்குக் கைவரவில்லை. பேனைக் கோடு, செப்புத் தகட்டில் செதுக்கு, கறுப்பு மையைக் கரைத்துப் பூசுவது என்றே போய்க்கொண்டிருந்தார். முவாலியே அவருக்குப் பேர்ணில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பழக்கம். மாக்கே ஜேர்மன்காரர், மூவரிலும் இளையவர், பயணத்தின்போது இருபத்தேழு வயது. அப்போது மனைவி, இரண்டு சின்னப் பொடியன்களோடு தூண் ஏரிக்கரையில் ஹில்ற்றர்ஃபிங்கன் என்ற ஊரில் குடியிருந்தார். பேர்ணில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும், புகையிரதத்தில் போனால் அரை மணி நேரம்கூட இல்லை தூணுக்கு. கிளேயின் பயணச் செலவை ஒரு பேர்ண் மருந்துக்கடைக்காரர் படங்களுக்குப் பதிலாகக் கொடுத்தார். துனிஸில் ஒரு சுவிஸ் டொக்டர் இருந்தார், பெயர் ஜேகி. தங்க இடமும் அவரது உபயம். அப்போது துனீசியா பிரெஞ்சுக்காரரின் கையில். ஐரோப்பியர்கள் போய் வருவதற்கு வசதிக்குக் குறைவில்லை.

சித்திரை 7 ஆம் தேதி போய் இறங்கினார்கள். துனிஸ், பக்கத்துக் கடற்கரையில் சென் ஜெர்மான், பிறகு ஹம்மாமெத், பிறகு உள்நாட்டில் கைருவான். 19 ஆம் தேதி கிளே திரும்பக் கப்பலேறிவிட்டார். மற்ற இருவரும் இன்னும் சில நாள் நின்றார்கள். கிளேக்கு மொத்தம் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சித்திரக் கண்காட்சிக்குச் சுவர் துடைத்துக்கூட முடியாது. அவர்களில் இருவர் தலைக்கு முப்பது படத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், கோட்டுச் சித்திரங்கள் வேறு. முவாலியே மட்டும் இரண்டு மூன்றோடு நின்றுவிட்டார்.

எல்லாம் சின்னச் சின்னத் தாள்கள். 'கைருவானின் வாயில்களுக்கு முன்னால்' என்ற கிளேயின் படம் பெரிய புகழ் பெற்றது. அது ஏறக்குறைய ஏ4 தாள் அளவுதான். கீழே அவர் தன் கையாலேயே வருடமும் இலக்கமும் எழுதியிருப்பார், 1914, 216 என்று. சாகும்வரை தன் படம் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டுப் பதிந்து வைத்த மனிதர். வரவுப் பதிவேடு வைத்துப் பழகிய எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் படத்தில் அடியில் வெளிறிய மணல் நிறம் பட்டைபட்டையாக, மேலே மெல்லிய நீலம், தூரத்தில் சில கும்மட்டங்கள், எறும்பு அளவில் சில மிருகங்கள். பெரும்பகுதி கிட்டத்தட்ட வெறும் தாள்.

நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது ஒரு நிறம் இல்லை, வெள்ளை என்பது தாள்தான் என்று உங்கள் எல்லாருக்கும் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். பெட்டியில் இருந்த வெள்ளைக் கட்டியைக் கரைத்துப் பூசினவர்களின் கொப்பியில் சிவப்புப் பேனையால் வட்டமும் போட்டிருக்கிறேன். எங்கே பூசுவது என்பதைவிட எங்கே பூசாமல் விடுவது என்று முதலே முடிவெடுக்க வேண்டும். தண்ணீர் தாளில் விழுந்தபிறகு யோசிக்க நேரம் இல்லை. ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். காய்ந்தபிறகு வைத்தால் விளிம்பு கத்திபோல நிற்கும். அழிக்க முடியாது. இதெல்லாம் நான் படிப்பித்த பாடம். அங்கே சுவரில் அதைப் பார்த்தபோது, எனக்கு யாரோ பின்னால் நின்று "சரி ரீச்சர்" என்று சொன்னதுபோல இருந்தது.

ஒரு சின்ன விஷயம் சொல்லவேண்டும். கிளேயின் சில துனிஸ் படங்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு ஒல்லி வெள்ளைக் கோடு போகும், நிறம் படாமல். முதலில் ஏதோ பெரிய கலை நுட்பம் என்று நினைத்தேன். அது ரப்பர் பட்டி! காற்றில் தாள் பறக்காமல் இருக்கப் பலகையோடு சேர்த்து இரண்டு ரப்பர் பட்டியால் கட்டியிருக்கிறார், அதன் மேலாலேயே வர்ணம் பூசியிருக்கிறார். பட்டியைக் கழற்றினால் அந்த இடம் வெள்ளை. அவர் அதை வெட்டி எறியாமல் அப்படியே விட்டுவிட்டார். நூறு வருடம் கழிந்தும் அந்தக் கடற்காற்று தாளில் இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அந்த மண்டபத்தில் இருந்தவற்றில் என்னை அதிகம் நிறுத்தியது கிளே இல்லை, மாக்கே. கிளேயின் தாளில் ஆள் தேடிக்கொண்டிருப்பது தெரிகிறது. வீட்டையும் வயலையும் வானத்தையும் சதுரம் சதுரமாகப் பிரித்து, இந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது இருக்கலாம் என்று தடவித் தடவிப் போகிறார். அதுவும் அழகுதான். மாக்கேக்குத் தயக்கமே இல்லை. ஒரு கடை வாசல், ஒரு கழுதை, சுவரின் நிழலில் இரண்டு பேர். செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை, அதற்குப் பக்கத்தில் ஊதா, ஒவ்வொன்றும் ஒரே பூச்சு, திரும்பக் கை வைக்கவில்லை. தள்ளி நின்றால் வெயில் கண்ணைக் கூசுகிறது, ஐம்பது லக்ஸ் இருட்டுக்குள்! எங்கள் குசினிக்காரர் என்ன சொன்னான் தெரியுமா? "இவன் அடுப்பை எப்ப நிப்பாட்ட வேணும் எண்டு தெரிஞ்சவன் ரீச்சர்." முப்பத்திரண்டு வருடம் படிப்பித்த நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஒன்று குறையாகத் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருக்களில் நடக்கிற மனிதருக்கு முகம் இல்லை. மாக்கே தன் ஊர்ப் பெண்களைக் கீறினாலும் பெரும்பாலும் முகம் வைக்கமாட்டார், அது அவர் பாணி. ஆனாலும் சில நாள் வந்துபோகிற விருந்தாளிக்குத் தெருவின் நிறம் தெரிந்த அளவு ஆட்களைத் தெரியாதுதான்.

அன்றிரவு மகள் கண்காட்சிப் புத்தகத்தை ஜேர்மனிலிருந்து எனக்குச் சொல்லச் சொல்லத்தான் மற்றக் கதை விளங்கியது. இந்தப் பயணம் உலகத்துக்குக் 'கிளேயின் பயணம்' என்றே தெரிந்திருக்கிறது. காரணம் அவருடைய நாட்குறிப்பு. கைருவானில் ஒரு மாலை, இனி நிறம் தன்னை விட்டுப் போகாது, தான் ஓவியனாகிவிட்டேன் என்ற பொருளில் அவர் எழுதிய குறிப்பு ஓவியம் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த நாட்குறிப்பை அவர் அன்றே எழுதி அப்படியே மூடி வைத்துவிடவில்லை. பிந்திய வருடங்களில் எடுத்துத் திருத்திச் செப்பமாகப் பிரதி பண்ணியிருக்கிறார். 1921 இல் ஹவுசன்ஸ்ரைன் என்ற எழுத்தாளர் கிளேயைப் பற்றிய தன் புத்தகத்தின் தலைப்பிலேயே கைருவானின் பெயரைப் போட்டார். படங்களிலும் சில, துனிஸ் என்று பெயர் இருந்தாலும் ஊருக்குத் திரும்பிய பிறகு நினைவிலிருந்து செய்தவை. இதில் பொய் ஒன்றும் இல்லை. வாழ்ந்து முடித்த மனிதர் திரும்பிப் பார்த்து, எந்த நாள் முக்கியமான நாள் என்று தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார். அந்த மாலைக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே அவரும் மாக்கேயும் பாரிஸில் ரொபேர் தெலோனே என்ற ஓவியரைக் கண்டு, நிறத்தை நிறமாகவே அடுக்குவதைப் பற்றி அறிந்திருந்தார்கள். துனிஸில் வானத்திலிருந்து வரம் இறங்கவில்லை. இருவரும் ஆயத்தமாகத்தான் போனார்கள்.

மாக்கேக்கு அப்படித் திரும்பிப் பார்த்து எழுத வருடங்கள் கிடைக்கவில்லை. சித்திரை முடிய ஏரிக்கரைக்குத் திரும்பினார். ஆனியில் குடும்பத்தோடு ஜேர்மனியில் பொன் நகரத்து வீட்டுக்குப் போனார். துனிஸ் தாள்களை வைத்துக்கொண்டு எண்ணெய் வர்ணத்தில் பெரிய படங்கள் செய்யத் தொடங்கினார். ஆவணியில் யுத்தம். முதல் நாட்களிலேயே படைக்குக் கூப்பிட்டார்கள். 1914 புரட்டாதி 26 இல் பிரான்ஸில் ஷாம்பாஞ் போர்முனையில் இறந்துபோனார். கைருவானில் கழுதையையும் கும்மட்டங்களையும் கீறி ஐந்து மாதம்தான்.

அவருடைய நண்பர் ஃபிரான்ஸ் மார்க், நீலக் குதிரைகள் கீறினாரே, அவர் போர்முனையிலிருந்தே மாக்கேக்கு ஓர் இரங்கலுரை எழுதினார். அவன் போனதால் ஜேர்மன் ஓவியத்தின் நிறமே சில படி மங்கும் என்ற கருத்து அதில் வருகிறது. 1916 மாசி கழிந்து பங்குனி 4 இல் வெர்டனில் மார்க்கும் போய்விட்டார். சரியாக ஒரு வாரத்தில் கிளேயைப் படைக்கு எடுத்தார்கள். ஆனால் அவரை முன்னுக்கு அனுப்பவில்லை. விமானத் தளத்தில் வேலை, விமானச் சிறகுகளில் உருமறைப்பு வர்ணம் பூசும் வேலையும் அதில் ஒன்று. பிறகு ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சம்பளக் கணக்கு எழுதுவது. உயிர் தப்பினார். பௌஹவுஸ் என்ற கலைக்கல்லூரியில் பத்து வருடம் படிப்பித்தார். அவர் செய்தவை எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல்.

முவாலியே பாவம், மூன்றாவது ஆள். அவர்தான் இருவரையும் சேர்த்து வைத்தவர். பிறகும் துனீசியாவுக்குப் போனார், நீர்வர்ணமும் தேவாலயக் கண்ணாடியும் செய்தார், 1962 வரை வாழ்ந்தார். அவர் படங்களுக்கு முன்னால் அன்று ஆட்கள் அதிகம் நிற்கவில்லை. நான் நின்றேன். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை எப்போதும் இருக்கும்.

கிளேயும் சுகமாகப் போய்ச் சேரவில்லை. 1933 இல் நாசிகள் வேலையிலிருந்து நீக்கினார்கள், அந்த வருட முடிவில் பேர்ணுக்குத் திரும்பி வந்தார். 1935 இலிருந்து தோல் இறுகும் ஒரு கொடிய வருத்தம். அதோடுதான் 1939 என்ற ஒரே வருடத்தில் ஆயிரத்து இருநூற்றுக்கு மேல் செய்தார். இங்கே பேர்ண் பிள்ளைகளுக்கென்று ஒரு செய்தி. தகப்பன் ஜேர்மன்காரர் என்பதால், பேர்ணுக்குப் பக்கத்தில் பிறந்து, பேர்ணிலேயே வளர்ந்து, பேர்ண் பேச்சுப் பேசின கிளேக்குச் சுவிஸ் பிரஜாவுரிமை இல்லை! விண்ணப்பம் போட்டார், விசாரணை நடந்தது, இந்த ஆளின் படங்கள் என்ன மாதிரி என்று அதிகாரிகளுக்குச் சந்தேகமும் இருந்தது. தீர்மானம் வருவதற்கு முன்பே 1940 ஆனி 29 இல் இறந்துவிட்டார். இப்போது அவர் பெயரில் பஸ் தரிப்பு. இதைச் சொன்னபோது எங்கள் ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். பதின்மூன்று வருடம் விசாவோடு காத்திருந்தவன் அவன். "அவருக்கே அந்தப் பாடெண்டால் ரீச்சர், எங்களை விட்டிட்டாங்களே, பெரிய விஷயம்" என்றான்.

கண்காட்சி பார்த்து முடிய என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மனைவி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தா. குசினிச் சுவரில், யன்னலுக்கு நேரெதிரே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நீர்வர்ணப் படம். கையைக் கழுவிவிட்டுத் திரும்பினேன், பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. 1986 இல் என் வகுப்பில் கீறினது. வல்லிபுரக் கோவில், மணல், ஒரு வண்டில், குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண். மணலுக்கு அவன் ஒரு துளி நிறமும் வைக்கவில்லை, தாளை அப்படியே விட்டிருந்தான். வகுப்பில் எல்லாருக்கும் அந்த இடத்தை உயர்த்திக் காட்டினது எனக்கு ஞாபகம். எனக்குக் கிடைத்த பிள்ளைகளில் கை என்று சொன்னால் அதுதான் கை.

அந்தப் பிள்ளை 1987 வைகாசியில், எங்கள் பக்கம் ஷெல் விழுந்த நாட்களில், போய்விட்டான். பதினேழு வயது. வீடும் போனது, அவனுடைய கொப்பிகளும் வீட்டோடு போயின. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பிள்ளைகளின் படங்களும் பிந்திய இடப்பெயர்வுகளில் இல்லாமல் போயின. இந்த ஒரு தாள் தப்பினது எப்படியென்றால், தவணை முடிவில் சுவரிலிருந்து கழற்றும்போது இவன் அவனிடம் கேட்டு வாங்கித் தன் அட்லஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். 1990 இல் கொழும்புக்குப் போனபோது பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் ஓ.எல். பெறுபேற்றோடும் அதையும் கொண்டு வந்திருக்கிறான்.

படம் வெளிறிவிட்டது. கோபுரத்தின் சிவப்பு சாம்பல்போல ஆகிவிட்டது. குடையின் நிறம் என்னவென்று அவனும் மறந்துவிட்டான், எனக்கு ஊதா என்று ஞாபகம். பள்ளிக்கூடக் கட்டி வர்ணம், மலிவுத் தாள். தாள் மஞ்சளாகி, வெள்ளை மணல் வயல் மண் ஆகிவிட்டது. வண்டிலின் கபிலம் மட்டும் அப்படியே இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் யன்னல் வெளிச்சம்.

காலையில் இருட்டு மண்டபத்தில் அவன் ஏன் கதைக்காமல் நின்றான் என்று அப்போது விளங்கியது.

உடனே கழற்றி லாச்சிக்குள் வை என்றேன். மனைவியும் அதைத்தான் சொன்னா. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எழுதத் தெரியாது ரீச்சர். அவனைப் பற்றி ஒருத்தரும் எழுதவும் இல்லை. இது சுவரில இருந்தால் வீட்டுக்கு வாறவை ஆர் கீறினது எண்டு கேப்பினம். நான் அவன்ரை பேரைச் சொல்லுவன். லாச்சிக்குள்ளை போட்டால் ஆர் கேக்கப்போகினம்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அரும்பொருளகக்காரருக்கு இது கஷ்டம் இல்லை. அவர்களிடம் நாலாயிரம் தாள் இருக்கிறது. சிலதைக் காட்டலாம், சிலதைத் தூங்க விடலாம். இவனிடம் இருப்பது ஒன்று.

அன்று முடிவில்லாமல்தான் சாப்பிட்டோம். இரண்டு கிழமை கழித்து மகள் அந்தத் தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கான் பண்ணி, நல்ல தாளில் அதே அளவில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். சிவப்பைக் கணினியில் கூட்டலாம் என்றாள், நான் வேண்டாம் என்றேன். அவன் கீறினபோது அந்தச் சிவப்பு எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, எங்கள் ஊகத்தை அவன் பெயரில் போடக்கூடாது. பிரதி இப்போது சுவரில். அசல், அமிலம் இல்லாத காட்போட் உறைக்குள், படுக்கையறை அலுமாரியில். வைகாசியில் ஒரு நாள் எடுத்து மேசையில் வைப்பானாம், பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்ப வைப்பானாம். பிரதியைப் பற்றி அவனுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. தண்ணீர் காய்ந்து நின்ற விளிம்பு அசலில் கொஞ்சம் தடித்துத் தெரியும், யன்னல் பக்கமிருந்து சரித்துப் பார்த்தால் மின்னும், பிரதியில் அது இல்லை என்கிறான். அவன் சொல்வது உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதும் யார் கீறினது என்று கேட்கிறார்களாம்.

பேர்ணில் இருக்கிற பிள்ளைகள் கிளே மையத்துக்கு ஒருமுறை போங்கள், துனிஸ் படங்கள் எப்போதும் சுவரில் இருக்காது, போகுமுன் கேளுங்கள். ஜேர்மனியில் இருக்கிறவர்கள் மாக்கேயைப் பார்க்க அங்கே போகத் தேவையில்லை. பொன்னில் அவர் குடியிருந்த வீட்டையே அரும்பொருளகமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள நகரக் கலைக்கூடத்திலும், முன்ஸ்டரிலும், மியூனிக்கிலும் அவருடைய படங்கள் உண்டு. நீர்வர்ணத் தாள்கள்தான் வேண்டுமென்றால் முதலே ரெலிபோன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். அவை தூங்குகிற வருடமாக இருந்தால் காட்டமாட்டார்கள்.